கம்பெனி பஸ் நிறுத்தத்துச் சிலையைத் தைத்த ஏழு பேர்

அனுப்புநர்:
தா. அமிர்தவள்ளி (வயது 41),
க/பெ. தானியேல்,
தரப் பரிசோதகர், காலணித் தொழிற்சாலை,
3/118, சர்ச் தெரு,
புளியங்கால்பட்டு,
ஆலங்காயம் சாலை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.
(திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் அளிப்பது)

பொருள்: புளியங்கால்பட்டு ஊராட்சி – திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சி – ‘காத்திருப்பவள்’ என்னும் தோல் சிற்பத்தைச் சேதப்படுத்தியதாக என் மீதும் மேலும் ஆறு பெண்கள் மீதும் கொடுக்கப்பட்ட புகாரை முடித்து வைக்கவும், அச்சிற்பத்தைத் தைத்தவர்கள் என்று எங்கள் ஏழு பேரின் பெயரையும் பெயர்ப்பலகையில் பொறிக்க உத்தரவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஊராட்சி செயலரின் புகார், நாள் 21.08.2025 (நகல் தங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டது).
2. சிற்பத்தை ஊரில் நிரந்தரமாக வைக்கும் ஊராட்சித் தீர்மானம், நாள் 10.09.2025.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் ஐயா அவர்களுக்கு,

பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒருத்தி இந்த மனுவை மட்டும் உட்கார்ந்து எழுதுகிறேன். வணக்கம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இது அழுதுகொண்டே எழுதும் மனு அல்ல. நாங்கள் ஜெயித்துவிட்டோம். எங்கள் ஊருக்கே அது தெரியும், பேப்பரிலும் வந்துவிட்டது. ஜெயித்தவர்களின் பெயர் இன்னும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் கிடக்கிறது என்பது மட்டுமே என் குறை. அதைத் தாங்கள் ஒரு கையெழுத்தில் தீர்க்க முடியும் என்பதால் நடந்ததை நடந்தபடியே கீழே தெரிவித்துக்கொள்கிறேன்.

1. கடந்த ஆகஸ்டு 15ஆம் தேதி எங்கள் ஊரில் நவீனச் சிற்பக் கண்காட்சி தொடங்கியது. சென்னையிலிருந்து ஒரு கலைக் குழுவினர் ஊராட்சியின் அனுமதியோடு ஒன்பது சிற்பங்களை ஊர் முழுவதும் வெட்டவெளியில் வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டியடியில் பழைய சைக்கிள் ரிம்களால் ஆன ஒரு மரம். பள்ளிக்கூடத்து மைதானத்தில் வைக்கோலும் காகிதக்கூழும் பிசைந்து செய்த ஒரு யானைத் தலை. ஏரிக்கரையில் நூறு பிளாஸ்டிக் குடங்களைக் கவிழ்த்து அடுக்கிய ஒன்று. அதில் முதல் வாரத்திலேயே எட்டுக் குடங்கள் குறைந்துவிட்டன. அதற்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.

2. ஒன்பதாவது சிற்பம்தான் இம்மனுவுக்குரியது. கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில், புங்கமரத்துக்குப் பக்கத்தில் அது வைக்கப்பட்டது. பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு பெண். உள்ளே இரும்புக் கம்பி. அதன் மேல் தொழிற்சாலைகளில் வெட்டிக் கழித்துப் போட்ட தோல் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்துப் போர்த்தியிருந்தார்கள். தோளில் சாப்பாட்டுப் பை. தலை கொஞ்சம் சாலைப் பக்கம் திரும்பியிருக்கும், பஸ் வருகிறதா என்று பார்ப்பவளைப் போல. முகத்தில் கண், மூக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் அவள் யார் என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலை ஆறரை மணிக்கு அந்த இடத்தில் அப்படி நிற்பவர்கள் நாங்கள்தான். இதைச் செய்த சிற்பி திரு. பரணிதரன், காட்பாடியைச் சேர்ந்தவர்.

3. இனி என் பக்கத்துத் தவறை நானே ஒப்புக்கொள்கிறேன். 18ஆம் தேதி திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தச் சிற்பத்தை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். மனம் நிறைந்துவிட்டது, அது உண்மை. அடுத்த நிமிடமே என் கண் அவள் இடது தோளுக்குப் போய்விட்டது. அங்கே நான்கு இடத்தில் தையல் விட்டுப் போயிருந்தது. முதுகில் நூல் தொங்கியது. இடுப்புப் பக்கம் இரண்டு துண்டுகளின் ஓரம் மடிக்காமல் அப்படியே இருந்தது.

4. என் வேலை என்ன என்று தாங்கள் அறிய வேண்டும். தைத்து வரும் காலணியின் மேல்பாகத்தைச் சோதித்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவேன். அம்பின் முனை குறையைக் காட்டும். தைப்பவர்கள் அதைப் பார்த்துச் சரிசெய்து ஸ்டிக்கரை உரித்துவிடுவார்கள். தோலில் தடம்கூட இருக்காது, ஏற்றுமதிச் சரக்குக்கே அதைத்தான் ஒட்டுகிறோம். நாளொன்றுக்கு அறுநூறு ஜோடிக்குக் குறையாமல் என் கண்ணைத் தாண்டிப் போகின்றன. செக்கிங் வேலை பார்க்கும் எந்தப் பெண்ணின் கைப்பையைத் திறந்தாலும் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அந்த ஸ்டிக்கர் சுருள் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு தோல் பொருளைக் கொண்டுவந்து ஆளுக்கு முன்னால் நிறுத்தினால் அது செக்கிங்குக்கு வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கண்காட்சி என்றால் கை கட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கைக்குத் தெரியவில்லை.

5. ஆகவே கைக்கு எட்டிய இடுப்புப் பக்கத்தில் ஒன்று ஒட்டினேன். என்னோடு வேலை செய்யும் அக்தர் பானு மேல்விஷாரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தோல் விஷயத்தில் என்னைவிடக் கறாரானவர். அவர் சிற்பத்தைச் சுற்றி வந்து, “அம்மு, இங்க பாரு, நூலு எவ்ளோ கம்மியா உட்டுகிறாங்க. ஒரு மழை வந்துச்சுனா பேஜாராயிடும்” என்று சொல்லி மூன்று ஒட்டினார். பஸ் வருவதற்குள் பதினேழு ஆகிவிட்டது. மூன்று நாட்களில், ஒரே லைனில் வேலை பார்க்கும் நாங்கள் ஏழு பேருமாக ஒட்டியவை இருநூற்றுப் பதினான்கு. புகாரில் ‘நூற்றுக்கணக்கான’ என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். சரியான எண்ணிக்கை இதுதான். எட்டாத உயரத்தில் இருந்த குறைகளுக்கு ஒட்ட முடியவில்லை.

6. ஏன் ஒட்டினோம் என்று போலீஸில் கேட்டார்கள், தாங்களும் கேட்கலாம். கேலி செய்ய ஒட்டவில்லை ஐயா. எங்களைப் போல ஒருத்தியைச் செய்து, நாங்கள் தினமும் நிற்கும் இடத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு முன் யாரும் எங்களை அப்படி நிறுத்திப் பார்த்ததில்லை. அவள் நூல் தொங்கிக்கொண்டு, தோள் பிய்ந்து, ஊரார் முன்னால் நிற்பதை எங்களால் பொறுக்க முடியவில்லை. வீட்டுப் பெண்ணின் ஜாக்கெட்டில் ஊக்கு விட்டுப் போயிருந்தால் பக்கத்தில் போய்க் காதோடு சொல்வோம் இல்லையா, அதைத்தான் எங்களுக்குத் தெரிந்த முறையில் சொன்னோம்.

7. 21ஆம் தேதி ஊராட்சி செயலர் திரு. ராமமூர்த்தி அவர்கள் வந்து பார்த்துவிட்டு, சிற்பத்தைச் சமூக விரோதிகள் சேதப்படுத்திவிட்டதாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். போலீஸார் பஸ் நிறுத்தத்தில் கேட்டபோது நான்தான் என்று நானே கை தூக்கினேன், மற்ற ஆறு பேரும் தூக்கினார்கள். அதனால் ஏழு பெயரும் புகாரில் ஏறின. அவர் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. சிற்பங்களுக்கு ஏதாவது ஆனால் ஊராட்சியே பொறுப்பு என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார், பயந்துவிட்டார். ஆனால் ‘சேதப்படுத்தினார்’ என்ற அந்த ஒரு சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. என்னைத் திருடி என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தோலை நான் சேதப்படுத்தினேன் என்று எழுதிவிட்டார்களே ஐயா. சின்னக் கீறல் இருந்தாலும் தள்ளிவைக்கிறவள் நான்.

8. 23ஆம் தேதி மாலை சிற்பி பரணிதரன் பதறிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். நாங்கள் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய நேரம். சிற்பத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா இது, அம்மை போட்ட மாதிரி இருக்குது?” என்று கேட்டார். நான் அவரை அருகே அழைத்து ஒவ்வொரு அம்பாகக் காட்டினேன். இது விட்டுப்போன தையல், இது ஓரத்தைச் சீவிக் கனம் குறைக்காதது, இது மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தோல், இழுத்தால் தளரும், இடுப்புக்குப் போடக்கூடாது. முதல் பத்து அம்பு வரை முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். படித்தவர், வெளிநாட்டில் எல்லாம் சிற்பம் வைத்தவர். இருட்டும் வரை நின்று இருநூற்றுப் பதினான்கையும் கேட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு நிரந்தர மரியாதை உண்டு.

9. கடைசியில் அக்தர் பானுதான் பெரிய குறையைச் சொன்னார். கூரை வேய்பவர்கள் கீழிருந்து தொடங்கி மேலே போவார்கள், அப்போதுதான் மேல் ஓலை கீழ் ஓலையின் மேல் படிந்து தண்ணீர் வழிந்து போகும். சிற்பி தலையிலிருந்து கீழே தைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆகவே ஒவ்வொரு இணைப்பும் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கும், தோல் ஊறும், கனத்தில் தையல் அறுந்து மொத்தமாக உரிந்து விழும். இதைக் கேட்டதும் பரணிதரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நோட்டை மூடி வைத்துவிட்டு, “நீங்களே தெச்சுக் குடுங்கக்கா, நான் கூட இருந்து கத்துக்கிறேன்” என்றார்.

10. 24, 31 ஆகிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. நாங்கள் சிலர் காலை ஆராதனை முடிந்து நேராக அங்கே வந்தோம். மெழுகு நூலும் குத்தூசிகளும் சிற்பி கொண்டுவந்தார். சாரம் கட்டி, தோலை முழுவதும் பிரித்து, கீழிருந்து மேலாக மறுபடி போர்த்தித் தைத்தோம். இஞ்சுக்கு மூன்று தையல் இருந்த இடத்தில் ஐந்து போட்டோம். வலது கை ஓரத்தைச் சிற்பியே தைத்தார். அதை மூன்று முறை திருப்பிக் கொடுத்தேன், நான்காவது முறைதான் ஏற்றுக்கொண்டேன். “கம்பெனியிலகூட இவ்ளோ திட்டு வாங்க மாட்டாங்க போல” என்று சிரித்துக்கொண்டே பிரித்தார். ஒவ்வொரு இடமும் சரியானதும் அந்த அம்பை உரித்தோம். 31ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஒன்றுகூட மீதியில்லை. இவ்விரண்டு நாளும் செயலர் திரு. ராமமூர்த்தி அவர்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டாம் ஞாயிறன்று எங்களுக்கு டீ கூட வாங்கி அனுப்பினார். புகாரை மட்டும் திரும்பப் பெறவில்லை.

11. செப்டம்பர் 6ஆம் தேதி மாலை அடித்த மழையும் காற்றும் தங்களுக்கு நினைவிருக்கும். ஆலங்காயம் பக்கத்து மலையிலிருந்து இறங்கிய காற்று எங்கள் ஊரில் பத்து வீட்டு ஓடுகளைப் பிய்த்துப் போட்டது. மறுநாள் காலை எல்லோரும் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். யானைத் தலை கூழாகிக் கிடந்தது. சைக்கிள் மரம் சாய்ந்து தண்ணீர்க் குழாயை உடைத்திருந்தது. மீதமிருந்த குடங்கள் ஏரியில் மிதந்தன, அவற்றைப் பெண்கள் மீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனதாகக் கேள்வி. நான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, எடுக்கவில்லை.

12. அவள் நின்றுகொண்டிருந்தாள் ஐயா. புங்கமரத்துக் கிளையே முறிந்து காலடியில் கிடந்தது. அவள்மேல் ஒரு தையல்கூட விடவில்லை. முதுகில் கையை வைத்து அழுத்திப் பார்த்தேன், மேலே ஈரம், இணைப்பைச் சற்று நெகிழ்த்தி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், காய்ந்த தோல். அங்கேயே கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, விசில் அடித்ததாக அக்தர் பானு சொல்கிறார். நாற்பத்தொரு வயதில் நடுரோட்டில் விசில் அடித்ததற்கு எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை.

13. அதன் பிறகு கூட்டம் வர ஆரம்பித்தது. காட்பாடிப் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பஸ்ஸில் வந்தார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருக்கும் மற்ற தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து தையலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் பாராட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சிற்பி அச்சிற்பத்தை எங்கள் ஊருக்கே கொடுத்துவிட்டார். அதை அதே இடத்தில் நிரந்தரமாக வைப்பதென்று 10ஆம் தேதி ஊராட்சி தீர்மானம் போட்டது. வரும் வெள்ளிக்கிழமை 26.09.2025 காலை பதினொரு மணிக்குத் தாங்களே வந்து அதன் பெயர்ப்பலகையைத் திறந்துவைப்பதாக அழைப்பிதழ் அச்சாகியுள்ளது.

14. இப்போது குறைக்கு வருகிறேன். 12ஆம் தேதி எங்கள் ஏழு வீட்டுக்கும் விசாரணைக்கு வரச்சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து தகவல் வந்தது. அதே நாளில் பெயர்ப்பலகையின் மாதிரியும் வந்தது. சிற்பி தன் பெயருக்குக் கீழே எங்கள் ஏழு பேரையும் எழுதிக் கொடுத்திருந்தார். செயலர் அந்த ஏழு வரியையும் அடித்துவிட்டார். கேட்டதற்கு, “புகார் நிலுவையில கீதும்மா. புகார்ல இருக்கிறவங்க பேர ஊராட்சிப் பலகையில போட்டா நாளைக்கு ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க” என்றார். அப்படியானால் புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றோம். நகல் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டது, இனி அங்கிருந்து சொன்னால்தான் முடியும் என்கிறார். காவல் நிலையத்திலும் அதிகாரி சிரித்துவிட்டு, “ஸ்டிக்கர் ஒட்டினதுக்கா இவ்ளோ?” என்று கேட்டார். பிறகு அவரும் தங்கள் அலுவலகத்துக் கடிதம் இருந்தால் முடித்துவிடலாம் என்றார். எல்லோரும் வாயால் எங்களை விட்டுவிட்டார்கள், எழுத்தால் ஒருவரும் விடவில்லை.

15. ஆக, இன்றைய நிலையில் வெள்ளிக்கிழமை தாங்கள் திறந்துவைக்கப் போகும் சிற்பத்தைத் தைத்தவர்கள், அதே சிற்பத்தைச் சேதப்படுத்தியவர்கள் என்று தங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருக்கிறோம். இது தங்களுக்கும் அழகாக இருக்காது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஏழு பெயரும் இல்லாவிட்டால் தன் பெயரையும் பலகையிலிருந்து எடுத்துவிடச் சொல்லிச் சிற்பி எழுதிக் கொடுத்த கடிதத்தை இணைத்துள்ளேன். அப்படி நடந்தால் யார் பெயரும் இல்லாத வெறும் பலகையைத்தான் தாங்கள் திறக்க வேண்டியிருக்கும்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, இல்லை, கருணை என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். நியாயப்படி,

அ) 21.08.2025 நாளிட்ட புகாரின் மீது மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுத்து மூலம் முடித்து வைக்குமாறும், அதில் எங்கள் பெயருக்கு எதிரே உள்ள ‘சேதப்படுத்தியவர்கள்’ என்பதை நீக்கச் செய்யுமாறும்,

ஆ) சிற்பி பரணிதரன் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ‘தையல்: அமிர்தவள்ளி, அக்தர் பானு, சௌந்தரம், மெர்சி, பூர்ணிமா, அஃப்ரோஸ், நிஷா’ என்று பொறிக்க வியாழக்கிழமைக்குள் ஊராட்சிக்கு உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியாக ஒன்று. வெள்ளிக்கிழமை வேலை நாள். ஒரே லைனில் ஏழு பேர் ஒரே நாளில் லீவு கேட்டால் எங்கள் தொழிற்சாலையில் கொடுக்க மாட்டார்கள், வேலை நின்றுவிடும். என் சர்வீஸில் அப்படி ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. சனிக்கிழமை ஏழு பேரும் ஒன்றாகப் போய் லீவு லெட்டரை நீட்டினோம். சூப்பர்வைசர் ஏழையும் வாசித்துப் பார்த்தார், ஏழிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ஏழு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தோம்: ‘நாங்கள் தைத்த சிலையைக் கலெக்டர் திறந்துவைக்கிறார்.’ தொழிற்சாலை அதை நம்பி லைனை நிறுத்துகிறது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நாங்கள் முன்வரிசையில் இருப்போம். தாங்கள் திரையை விலக்கியதும் அந்த ஏழு பெயரையும் மைக்கில் சத்தமாக வாசிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உத்தரவை வியாழக்கிழமைக்குள் எதிர்நோக்கும்,

(ஒப்பம்) தா. அமிர்தவள்ளி
மற்றும் அறுவர் (கையொப்பங்கள் பின்பக்கத்தில்)

இடம்: புளியங்கால்பட்டு
நாள்: 22.09.2025

இணைப்பு:
1. புகாரின் நகல்.
2. ஊராட்சித் தீர்மானத்தின் நகல்.
3. சிற்பி திரு. பரணிதரன் எழுதிய கடிதம்.
4. மழைக்கு மறுநாள் எடுத்த புகைப்படங்கள் மூன்று.
5. அனுமதிக்கப்பட்ட லீவு லெட்டர்களின் நகல் ஏழு.